நிற்காத சொட்டு

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் மழை எப்போது வரும் என்று இருளாயியைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவாள். விடிந்ததும் அவள் மெத்தையைத் தூக்கிவந்து வேலியில் போட வேண்டும். அலசிய பாவாடைகளையும் பழந்துணிகளையும் கம்பியில் விரிக்க வேண்டும். பிறகு நிலக்கடலைக் கம்பெனிக்குப் போய், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சல்லடைக்கு முன்னால் உட்கார வேண்டும். அதன்பிறகு வரும். காலையெல்லாம் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். மத்தியானச் சோற்றுக்கு மூடியைத் திறக்கும் நேரத்தில் கல்லுமலைகளுக்குப் பின்னாலிருந்து கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும்.

"போச்சுலா, இன்னிக்கும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே சோற்றை மூடிவிட்டு எழுந்து ஓடுவாள். ஓடுவது வீட்டுக்கு இல்லை. உப்புத் தண்ணீரில் அவித்த கடலை கம்பெனி முற்றத்துச் சிமெண்டுத் தரையில் மூட்டை மூட்டையாகக் காய்ந்துகொண்டிருக்கும். அதில் ஒரு சொட்டு மழை பட்டாலும் சீன முதலாளி தவுக்கே குதிப்பான். பெண்கள் எல்லாரும் நாலு மூலையையும் பிடித்துக் கான்வாஸை இழுத்து மூடுவார்கள். தவுக்கேயின் கடலையை நனையாமல் மூடிவிட்டு, தன் மெத்தை நனைகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் இருளாயி.

அந்த மெத்தைக்குக் காரணம் மங்களம். ஏழு வயது, ஒரே பிள்ளை. அந்த வருஷம்தான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் சேர்த்திருந்தார்கள்.

பிள்ளைகள் படுக்கையை நனைப்பது ஊரில் இல்லாத சங்கதி இல்லை. கோலா கங்சார் பக்கம் இவர்கள் இருந்த தோட்டத்தில், லயத்து வீடுகளின் வாசலில் பாதிக்குமேல் பாய்கள் காய்ந்துகொண்டுதான் கிடக்கும். ஆனால் மங்களம் பகலிலும் நனைத்தாள். கக்கூசுக்குப் போய் உட்கார்ந்து, மற்ற பிள்ளைகளைப் போலவே நன்றாகப் பெய்து, கழுவிக்கொண்டுதான் வருவாள். வந்து கொஞ்சநேரம் உட்கார்ந்து எழுந்தால் பாவாடையில் கைப்பிடி அகலத்துக்கு ஈரம் இருக்கும்.

"இப்பத்தானடி போயிட்டு வந்த?"

"நான் பேயலம்மா. அதா வருது."

"அதா வருதா? கூரை ஒழுகுதா ஒனக்கு?"

இருளாயி சுவரில் செருகியிருந்த ரோத்தான் பிரம்பை எடுப்பாள். அடிப்பதற்கு முன்பே மங்களம் அழ ஆரம்பித்துவிடுவாள். அழுகிற நேரத்திலும் ஈரம் கூடிக்கொண்டு போகும். அதைப் பார்க்க இன்னும் எரிச்சல் வரும். பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள். "பிள்ளைய நல்லா குளிப்பாட்டி அனுப்புங்கம்மா, வாடை வருதுன்னு மத்த பிள்ளைங்க சொல்லுதுங்க" என்றாள். அன்றைக்கு விடிகாலையில்தான் இருளாயி அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, துவைத்த சட்டை மாட்டி அனுப்பியிருந்தாள். டீச்சரிடம் என்ன சொல்வது? சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்து மங்களத்தின் முதுகில் ஒன்று வைத்தாள்.

பக்கத்து வீட்டுக் காளியம்மாவும் அதே தோட்டத்திலிருந்து வந்தவள்தான். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது ஒரே லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். உலகத்தில் எந்தச் சீக்குக்கும் காளியம்மாவிடம் மருந்து இருந்தது.

"சூடுதான் புள்ள. வெந்தயத்த ஊற வச்சுக் குடு. பார்லி தண்ணி நெறைய குடு. பொழுது சாஞ்சா மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டாத."

"ஏங்கக்கா, தண்ணி குடுக்கவா, வேணாமா?"

"சூட்டுக்குக் குடு. நனைக்கிறதுக்குக் குடுக்காத."

"ரெண்டும் ஒரே வயிறுலா அக்கா!"

"ஒனக்கு நல்லது சொன்னா ஏறாது" என்று காளியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மறுநாள் சீன வைத்தியர் சின்சே கடைப் பொடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள். அதற்கு மறுவாரம் கம்போங் பக்கத்து மலாய்ப் பெரியவர் ஒருவரிடம் ஓதிய கயிறு. முனியாண்டி கோயில் திருநீறு ஏற்கெனவே கழுத்தில் தகட்டுக்குள் தொங்கியது. இடுப்பில் கயிறு, கழுத்தில் தகடு, வயிற்றில் பொடி, பார்லி, வெந்தயம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மங்களம் நனைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இருளாயியின் புருஷன் சன்னாசி லோரியில் கெலிண்டானாக இருந்தான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். இருக்கிற நாளில், "ஒரு புள்ளைய வளக்கத் தெரியல ஒனக்கு" என்பான்.

"அப்ப நீங்க இருந்து வளருங்க. நான் லோரியில போறேன்."

அவன் கோப்பியைக் குடித்துவிட்டு வெளியே போய்விடுவான்.

இதற்கு நடுவில் காய்ச்சல். இரண்டு மாதத்துக்கு ஒருதரம், சிலசமயம் அதற்கு முன்பே. சாதாரணக் காய்ச்சல் இல்லை. பல் கிட்டித்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட, மங்களம் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுகொள்வாள். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர் அம்பிகை என்று ஒருத்தி இருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவராம். அவள் பேசுகிற தமிழில் இருளாயிக்குப் பாதி புரியும், பாதியை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முகம் எப்போதும் கடுகடுவென்றே இருக்கும்.

"மூத்திரம் போகேக்கை எரியுதோ பிள்ளைக்கு?"

மங்களம் அம்மாவைப் பார்த்தாள்.

"எரியுதாங்கறாங்க, சொல்லேன்டி."

"எரியும்" என்றாள் மங்களம், தரையைப் பார்த்துக்கொண்டு.

மூத்திரத்தைச் சோதித்ததில் சீழ் இருந்தது. மூத்திரப்பாதையில் கிருமி, இந்த மருந்தை முடிகிறவரைக்கும் கொடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சீசா. இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் போய்விட்டது, மங்களம் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து? இருளாயி மிச்ச மருந்தை மூடி, அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று அலமாரியில் வைத்தாள். அடுத்த காய்ச்சல் வந்தபோது அதை ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

"ஏன் மருந்தை நிப்பாட்டினீங்கள்?"

"காச்ச விட்டுடுச்சு டாக்டரம்மா."

"காய்ச்சல் விட்டா கிருமி செத்துப்போச்சு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? எத்தனை தரம் உங்களுக்குச் சொல்லுறது? பிள்ளையைச் சுத்தமா வச்சிருக்கிறீங்களோ? போய் வந்தா ஒழுங்காக் கழுவி விடுறனீங்களோ?"

இருளாயிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்றது. காலையில் கழுவி, மத்தியானம் கழுவி, சாயங்காலம் கழுவி, கழுவிக் கழுவியே கை வெளுத்துப்போனவளிடம் கழுவுகிறாயா என்று கேட்கிறாள். "கழுவறேன்" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை பகலெல்லாம் நனைக்கிற கதையை அன்றைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள். இவளிடம் அதையும் சொன்னால், அதற்கும் ஒரு பாட்டம் திட்டு வாங்க வேண்டும். சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. வெளியே வரிசை வாசல்வரைக்கும் நின்றது.

இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் போனது. எண்பதாம் வருஷம், தீபாவளிக்கு முன்னால், ஒரு நாள் மத்தியானம் காளியம்மா குடையைக்கூடப் பிடிக்காமல் நனைந்துகொண்டு கம்பெனி வாசலில் வந்து நின்றாள்.

"புள்ள, ஓடி வா. மங்களத்துக்குக் கண்ணு சொருகுது."

இருளாயி கான்வாஸின் முனையைக் கையிலிருந்து விட்டாள். பின்னால் தவுக்கே கத்தியது காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் மங்களம் வாந்தியில் கிடந்தாள். தொட்டால் கை சுட்டது. ஆனால் உடம்பு குளிரில் கிடப்பதுபோல நடுங்கியது. காளியம்மா ஒரு சீனன் டாக்சியை மறித்து நிறுத்தினாள். வழியெல்லாம் இருளாயி பிள்ளையை உலுக்கி, "கண்ணத் தொறடி, தொறன்றேன்ல, தொற" என்று அதட்டிக்கொண்டே போனாள். கொஞ்சுவதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. அதட்டினால்தான் பிள்ளை விழிக்கும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை.

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கையில் ஊசி குத்திப் போத்தல் மருந்து ஏற்றினார்கள். சன்னாசி கிள்ளான் பக்கம் லோரியோடு போயிருந்தான். பிள்ளை பிழைப்பாளா என்று கேட்க இருளாயிக்கு வாயில்லை. நர்ஸ் மிஸ்ஸிகள் வந்து துணி மாற்றும்போதெல்லாம் மட்டும் வெட்கமாக இருந்தது.

காய்ச்சல் இறங்கின அன்று காலை. மங்களம் கேட்டதும் மிஸ்ஸி சட்டியை வைத்தாள், பிள்ளை பெய்ததும் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். விரிப்பையும் அப்போதுதான் மாற்றியிருந்தாள். அந்த நேரத்தில் டாக்டர் அம்பிகை சுற்றி வந்தாள். வயிற்றை அமுக்கிப் பார்க்கப் பிள்ளையைப் புரட்டியவள், விரிப்பில் கை வைத்தாள். கையை எடுத்துப் பார்த்தாள்.

"இப்பத்தானே போனவள்?"

"ஆமா டாக்டரம்மா."

"பிறகு இதென்ன?"

இருளாயி விரிப்பின் முனையை இழுத்து ஈரத்தை மூடினாள். வந்துவிட்டது திட்டு என்று நினைத்தாள்.

"அம்மா, உங்களைத்தான் கேக்கிறன். போய் வந்த பிறகும் இப்பிடித்தான் நனையுமோ?"

"நனையும்."

"எவ்வளவு காலமா?"

"பொறந்ததுலேருந்துதான். எப்பவும் ஈரந்தான். ராத்திரி, பகலு எல்லாம். ஒரு நாளு காஞ்சு நான் பாத்ததில்ல."

டாக்டர் அவளையே பார்த்தாள். "ஒரு வருஷமா என்னட்டை வாறீங்கள். இதை ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலையே."

"கேக்காட்டிச் சொல்லக்கூடாதோ?"

"சொல்ல விட்டீங்களா? கழுவுறியா கழுவுறியான்னு அதையே கேட்டீங்க!"

பக்கத்துக் கட்டில்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸி இருளாயியின் தோளைத் தொட்டு அடக்கினாள். டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றி வரும்போது அவள் உட்கார்ந்து இருளாயி பார்த்ததே இல்லை.

"சரி. இப்ப கேக்கிறன். எல்லாத்தையும் சொல்லுங்கோ."

உடம்பு தேறின பிறகு ஒரு சோதனை செய்தார்கள். மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, மங்களத்தின் மூத்திரப்பைக்குள் நீல மருந்தை விட்டார்கள். மங்களம் ஊரைக் கூட்டினாள். "கத்தாதடி, ஒனக்குத்தான் பண்றாங்க" என்று இருளாயி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். குழாயை எடுத்த பிறகு, தொடைகளுக்கு நடுவில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, அம்மாவும் பிள்ளையும் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள் டாக்டர்.

காத்திருந்தார்கள். பிறகு மங்களத்துக்கு முட்டியது. துணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சட்டியில் உட்கார்ந்தவள் குனிந்து பார்த்து அலறினாள்.

"அம்மா! நீலமா வருது!"

"வரட்டும், வரட்டும்" என்றாள் இருளாயி. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. தோட்டத்தில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடுகிற மாதிரி அப்படியொரு நீலம்.

டாக்டர் வந்து, மடித்து வைத்திருந்த துணியை எடுத்து விரித்தாள். நடுவில் ஈரம். நன்றாக நனைந்திருந்தது. ஆனால் நீலம் இல்லை. விளிம்பில்கூட இல்லை. வெறும் தண்ணீரின் நிறம்.

"பாருங்கோம்மா. பைக்குள்ளை இருக்கிறது நீலம். அவள் போனதும் நீலம். இது வேறை இடத்திலயிருந்து வருகுது."

இருளாயி துணியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

படம் எடுத்துப் பார்த்த பிறகு டாக்டர் விவரமாகச் சொன்னாள். மங்களத்துக்கு இடதுபக்கச் சிறுநீரகம் பிறவியிலேயே இரண்டு துண்டு சேர்ந்த மாதிரி இருக்கிறது. கீழ்த்துண்டிலிருந்து வருகிற குழாய் சரியாகப் பையில் போய்ச் சேருகிறது. மேல்துண்டின் குழாய் வழிதவறி, பையைத் தாண்டிக் கீழே வெளியே திறந்திருக்கிறது. அதை அடக்கிவைக்க அங்கே பூட்டு இல்லை. ஊறுகிறது எல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும். கிருமி அந்த வழியாகவே ஏறி, மேலே தேங்கிச் சீழ் வைக்கிறது. மருந்து கொடுத்தால் அடங்கும், பிறகும் வரும். கெட்டுப்போன அந்த மேல்துண்டையும் குழாயையும் வெட்டி எடுத்தால்தான் தீரும். இல்லாவிட்டால் நல்ல துண்டும் போய்விடும். பிள்ளையே போய்விடவும் கூடும்.

"அப்ப அவ வேணும்னு..." என்று ஆரம்பித்தாள் இருளாயி.

"அவளாலை அதை நிப்பாட்டவே ஏலாது. எனக்கோ உங்களுக்கோ எண்டாலும் ஏலாது."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். இருளாயிக்கு ஆத்திரம்தான் வந்தது. காளியம்மாவின் வெந்தயத்தின்மேல், டீச்சரின்மேல், இந்த டாக்டரின்மேல், வழிதவறிப் போன குழாயின்மேல். வெளியே தாழ்வாரத்துக் குழாயில் முகத்தைக் கழுவினாள். ரோத்தான் பிடித்த கையை அவளால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் சன்னாசி ரொட்டியும் மைலோவும் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தான். மகளின் தலையைத் தடவினான். ஆப்பரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டான்.

"வெட்டறதா? வயித்தயா?"

"பக்கவாட்டுல. கெட்டுப்போனத மட்டும் எடுப்பாங்களாம்."

"பொம்பளப் புள்ள. ஒடம்புல கத்தி வைக்கறதா?" என்றவன், "பாப்போம்லா" என்றான். மைலோ டின்னை மேசையில் வைத்துவிட்டுப் போனவன் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காளியம்மா லோரிக் கடையில் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஐஸ் ஏற்றிக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங் போனவன், அங்கேயே இறங்கி அண்ணன் வீட்டில் தங்கிவிட்டானாம்.

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

"பெத்தவ நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். நான் போட்டா ஆகாதா?"

"தகப்பன் இருக்கேக்கை தகப்பன்தான் போட வேணும் எண்டு கேக்கிறாங்கள்" என்றாள் டாக்டர். அவளுக்கே அதைச் சொல்லச் சலிப்பாக இருந்தது. "எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ. பிந்தினா இன்னொரு காய்ச்சல் வரும். அதை இந்தப் பிள்ளை தாங்காது."

காளியம்மாவை வார்டில் உட்கார வைத்துவிட்டு இருளாயி பஸ் ஏறினாள். தெலுக் ஆன்சன் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்த வழி. வெயிலும் டீசல் நாற்றமும் சேர்ந்து குமட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். துடைத்துக்கொண்டு, சன்னாசியிடம் கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கினாள். எல்லாம் வசவாகவே வந்தது.

ஹுத்தான் மெலிந்தாங்கில் படகுகள் வந்து சேர்ந்த நேரம். ஆற்றங்கரைப் பலகைப் பாலத்தில் மீன் கூடைகள், நண்டு, கருவாட்டு வாடை, காலில் வழுக்குகிற செதில். சன்னாசியின் அண்ணன் அப்பாவு அங்கே ஒரு தவுக்கேயிடம் இறால் பெட்டி கட்டுகிறவன். அவன் ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சன்னாசி, லோரிக்காரச் சட்டையோடேயே, உடைத்த ஐஸைப் பெட்டியில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். இருளாயியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"நல்லா இருக்குலா" என்றாள் இருளாயி. "புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குது, நீங்க எறாலுக்கு ஐஸ் போடறீங்க."

"வா புள்ள, மொதல்ல தண்ணி குடி" என்றான் அப்பாவு.

"தண்ணி வேணாம் மாமா. ஒங்க தம்பிய எழுப்பி விடுங்க, போதும்."

சன்னாசி தலை நிமிரவில்லை. "வெட்ட வேணாம் இருளாயி. மருந்துலயே பாத்துக்கலாம்."

"மருந்துலதான இவ்ளோ நாளு பாத்தோம்? பாத்து என்னா ஆச்சு? அன்னிக்கு நீங்க கிள்ளான்ல இருந்தீங்க. அவ கண்ணு சொருகினத நான்தான பாத்தேன்!"

"வெட்டினா செத்துடுவா."

"யாரு சொன்னா?"

அப்பாவுதான் ஐஸ் உடைக்கிற கட்டையைக் கீழே வைத்தான். "கருப்பம்மாள நெனச்சுக்கிட்டுப் பேசறான்" என்றான்.

கருப்பம்மாள் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் என்று இருளாயிக்குத் தெரியும். சின்னதிலேயே தவறிப்போனாள் என்று மட்டும்தான் கேள்வி.

"வயித்து வலின்னு தூக்கிட்டுப் போனாங்க" என்றான் சன்னாசி. கையிலிருந்த ஐஸ் உருகி விரலிடுக்கில் வடிந்துகொண்டிருந்தது. "தோட்டத்து டிரஸ்ஸர் பாத்துட்டு டவுனுக்குக் கொண்டுபோவச் சொன்னாரு. அங்க வெட்டினாங்க. மறுநாளு தோட்டத்து லோரியில வந்தா. ஒட்டுப்பாலு ஏத்துற லோரி. நான் பின்னால ஒக்காந்து அவ கையப் புடிச்சிக்கிட்டு வந்தேன். விட்டா விழுந்துடுவான்னு நெனச்சேன். எனக்குத் தெரியாதுலா, செத்துட்டான்னு. வீட்டுக்கு வந்து அம்மா அழுதப்பத்தான் தெரிஞ்சுது."

படகொன்று இயந்திரத்தை நிறுத்திக் கரையில் இடித்தது. யாரோ ஹொக்கியன் சீனத்தில் கத்தினார்கள். அடுக்கி வைத்திருந்த வசவில் எதை எடுப்பது என்று இருளாயிக்குத் தெரியவில்லை. பத்து வருஷம் குடித்தனம் நடத்தியாயிற்று, இதை ஒரு நாள்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை இந்த மனுஷன்.

"அவளுக்கு என்னா சீக்கு?"

"தெரியாது. யாரும் சொல்லல."

"ஆனா எனக்குச் சொல்லிட்டாங்க. சொன்னது மட்டும் இல்ல, கண்ணால காட்டிட்டாங்க." இருளாயி இறால் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். நீல மருந்தைச் சொன்னாள். சட்டியில் நீலம் வந்ததைச் சொன்னாள். துணியில் வராததைச் சொன்னாள். "பைப்பு தப்பா பூட்டியிருக்குங்க. பொறப்புலயே. ஒண்ணு பைக்குள்ள போவுது, இன்னொண்ணு வெளிய தொறந்துகிட்டு நிக்குது. அதுல வாரது அவளுக்கே தெரியாது."

"நீலமா வந்துச்சா?"

"நீலமா."

"துணியில வரவே இல்லியா?"

"வரவே இல்ல. நானே கையில வாங்கிப் பாத்தேன்."

சன்னாசி கையில் மிஞ்சிய ஐஸைப் பெட்டியில் போட்டான். பிறகு, "அப்ப அவ வேணும்னே செய்யலியா?" என்றான்.

"இல்ல."

"ரோத்தான்ல அடிச்சேனே, இருளாயி."

"நானும்தான் அடிச்சேன். அடிச்சதுல முக்காவாசி நான்தான். அத அப்புறம் அழுதுக்கலாம். இப்ப எந்திரிங்க, பஸ் போயிடும்."

"செத்துட்டா?"

"செத்துடுவாளோன்னுதான் நானும் வாந்தியெடுத்துக்கிட்டே வந்தேன். பயம் ஒங்களுக்கு மட்டுந்தான் இருக்கா? பயந்துகிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க. பயப்படாம போடுங்கன்னு நான் சொல்லல."

அப்பாவு தம்பியின் கையிலிருந்த ஐஸ் வாரியைப் பிடுங்கினான். "போடா. இங்க ஒனக்கு வேலையில்ல."

சன்னாசி எழுந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நடந்தான். தெலுக் ஆன்சன் பஸ் நிலையத்தில் அவளுக்கு பால் விடாத கோப்பி-ஓ ஒன்று வாங்கிக் கொடுத்தான். வழியில் ஒருதரம், "மயக்க மருந்து குடுப்பாங்கல்ல? வலி தெரியாதுல்ல?" என்று கேட்டான். "தெரியாது" என்றாள். தெரியுமா தெரியாதா என்று அவளுக்கும் நிச்சயமில்லை.

கையெழுத்துப் போட்டான். பேரை எழுதி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

ஆப்பரேஷன் அன்று தாழ்வாரத்து பெஞ்சியில் உட்கார்ந்து சன்னாசி ஓயாமல் பேசினான். எந்த லோரிக்கு எந்த டயர், எந்த ரோட்டில் எவ்வளவு பள்ளம், ஜெலாப்பாங்கில் புதிதாக வருகிற ஃபேக்டரியில் யார் யாரை எடுக்கிறார்கள், எல்லாம்.

"வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டீங்களா?"

"மூடினா அந்த ஒட்டுப்பாலு லோரி ஞாபகம் வருது" என்றான் அவன்.

இருளாயி பெஞ்சியில் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "எந்த ரோட்டுல பள்ளம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அவன் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னான்.

டாக்டர் அம்பிகை வெளியே வந்தபோது இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். "முடிஞ்சுது. கெட்டதை எடுத்தாச்சு. நல்லது நல்லா இருக்கு. கண் முழிச்சு அம்மாவைக் கேக்கிறாள்" என்றாள். சன்னாசி அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

காயம் ஆறியது. குழாய்களை எடுத்தார்கள். விரிப்பு காய்ந்தே இருந்தது. மறுநாளும் காய்ந்தே இருந்தது. மிஸ்ஸி இருளாயியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் மறுபடியும் ஒரு மருந்து சீசாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இன்னுமா டாக்டரம்மா? அதான் வெட்டி எடுத்தாச்சுல்ல?"

"இன்னும் கொஞ்ச மாசத்துக்கு, படுக்கேக்கை ஒருக்கா. மிச்சத் துண்டைக் காப்பாத்த வேணும். மாசாமாசம் கொண்டுவந்து காட்ட வேணும். காய்ச்சல் வந்தா அண்டைக்கே வர வேணும். முழுக்கக் குடுப்பீங்களோ?"

"குடுப்பேன்."

"போன முறையும் இதைத்தான் சொன்னீங்கள்."

"போன மொற எதுக்குன்னு நீங்க சொல்லலையே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "சரி. இருங்கோ. சொல்லுறன்" என்று, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னாள்.

சன்னாசி லோரிக்குப் போயிருந்ததால் அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான் பஸ்ஸில் திரும்பினார்கள். பஸ்ஸில் கூட்டமே இல்லை. இருளாயி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

"ஒக்காரு."

மங்களம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒக்காருன்றேன்ல. தையல் போட்ட ஒடம்பு."

"நனஞ்சிடும்மா" என்றாள் மங்களம்.

இருளாயிக்கு அப்போதுதான் உறைத்தது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளையை அவள் பஸ்ஸில் உட்கார விட்டதே இல்லை. சீட்டு நனைந்தால் கண்டக்டர் ஏசுவான் என்று, எவ்வளவு தூரம் போனாலும், காலியாகக் கிடந்தாலும், நிறுத்தி வைத்தே கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளையும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"நனையாது. வந்து ஒக்காரு."

மங்களம் சீட்டின் ஓரத்தில், விழுந்துவிடுகிற மாதிரி, கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. முதல் ஸ்டாப்பில் நின்றதும் எழுந்து, திரும்பி, சீட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த ஸ்டாப்பிலும் எழுந்தாள். அதற்கு அடுத்ததிலும் எழுந்தாள்.

"எத்தன தடவடி பாப்ப?" என்றாள் இருளாயி. "சும்மா ஒக்கார மாட்ட?"

மங்களம் சும்மா உட்கார்ந்தாள். ஜெலாப்பாங் சந்தியில் சிவப்பு விளக்குக்குப் பஸ் நின்றது. மங்களம் மெதுவாக எழுந்து திரும்பிப் பார்த்தாள்.

இருளாயியும் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.